வேகப்படகின் துள்ளலும் தள்ளாட்டமும்

மங்கலம்பேட்டை கடலைக் காணாத ஊர். ஆயினும், அங்கிருந்து விருத்தாசலம் வழியாகக் கடலூர் முதுநகருக்குச் சென்று, கெடிலமும் பரவனாறும் கடலோடு கலக்கும் துறைமுகக் கரையில் சற்று நேரம் நிற்பவர் எவரும், முன்முனையாகிய அணியத்தை உயர்த்திக்கொண்டு முகத்துவாரத்தை நோக்கி விரையும் ஃபைபர் படகுகளைப் பாராமல் திரும்ப முடியாது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையெங்கும் பெருகிய படகுகள் அவை. 2018 நவம்பரில் அமராவதியை அடுத்துக் கிருஷ்ணா நதியில் நடைபெற்ற உலக ஃபார்முலா 1 படகுப் பந்தயத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பாயவல்ல படகுகள் ஓடின. அவற்றுக்கும் நம் கடலூர்ப் படகுக்கும் விலையிலும் வடிவிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு எனினும், ஜலத்தின் மேல் விரைகையில் இரண்டையும் ஆட்டிவைக்கும் குறைகள் ஒரே இனத்தவை.

மெதுவாகச் செல்லும் படகை ஆர்க்கிமிடீஸ் கண்ட விதியே தாங்குகிறது. அது விலக்கிய நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளுகிறது. வேகம் ஏற ஏற, முதலில் அணியம் நிமிர்ந்து, எஞ்சின் திணறி, பிறகு படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏறி அமர்ந்தவுடன், குளத்தில் சாய்த்தெறிந்த ஓட்டாஞ்சில்லைப் போல, அடிப்பாகத்தில் மோதும் நீரின் அழுத்தமே அதன் பாரத்தில் பெரும்பங்கைச் சுமக்கத் தொடங்குகிறது. அந்நிலையில் நீரைத் தொட்டுக்கொண்டிருப்பது பின்கோடியின் சில அடி நீளம் மட்டுமே. வேகப்படகின் சகல சுபாவங்களும் அந்தச் சில அடிகளில் அடங்கியிருக்கின்றன என்று நான் திடமாக நம்புகிறேன்.

குறைகளுள் மிகச் சாதாரணமானது துள்ளல். அலையற்ற நீரிலும் அணியம் ஒரே தாளத்தில் எழுந்து எழுந்து விழும். வேகம் கூடினால் துள்ளலும் கூடும். பாரம் மிகுதியும் பின்புறம் குவிந்திருப்பதும், எஞ்சினின் கால் பின்பலகையை விட்டு அதிகமாக விலகிச் சாய்ந்திருப்பதும் இதற்குப் பிரதான காரணங்கள். கால் விலகினால் அணியம் உயரும், நெருங்கினால் தாழும். இதைத்தான் மெக்கானிக்குகள் ட்ரிம் என்கிறார்கள். பெரிய எஞ்சினில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சிறிய எஞ்சினில், காலைத் தாங்கும் கம்பியை அடுத்த துளைக்கு மாற்ற வேண்டும். எரிபொருள் கேனையும் ஐஸ் பெட்டியையும் சிறிது முன்னே நகர்த்துவதாலேயே அடங்கிவிடும் துள்ளலுக்காக, எஞ்சினையே மாற்ற முனைவது வீண் செலவு.

ட்ரிம்மாலும் பாரத்தை நகர்த்துவதாலும் தீராவிடில் படகைக் கரையேற்றிக் கவிழ்த்து, நேரான மட்டப்பலகை ஒன்றைப் பின்பலகையின் விளிம்பிலிருந்து முன்னோக்கி ஐந்தடி நீளத்துக்கு அடித்தளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பலகையின் இரு முனைகளும் படிந்து நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே குழிவு உண்டு. அது பின்புறத்தைத் தூக்கி அணியத்தை நீருக்குள் அழுத்தும். நடு படிந்து பலகை முன்னும் பின்னும் ஆடினால் அங்கே புடைப்பு உண்டு. அதுவே துள்ளலை வளர்ப்பது. பொருந்தாத தாங்கலில் நெடுநாள் கிடந்த ஃபைபர் உடல், தன் பாரத்தாலேயே இவ்விதம் வளைந்துவிடுவதுண்டு. குழிவைப் பிசினும் கண்ணாடி இழையும் இட்டு நிரப்பி, புடைப்பைத் தேய்த்து, மீண்டும் மட்டப்பலகை வைத்துப் பார்க்கும் பொறுமையே இதற்கு வைத்தியம்.

இன்னொரு குறை பக்கத் தள்ளாட்டம். கூர்மையான அடிப்பாகம் கொண்ட படகு அதிவேகத்தில் நீரைவிட்டு மேலெழும்போது, அடிப்பாகத்தின் நடுக்கோடான ஏராவின் மேல் மாத்திரம் நிற்க நேர்ந்து, இடமும் வலமுமாகச் சாயத் தொடங்குகிறது. விசிறியின் சுழற்சி படகை ஒரு பக்கம் திருக, ஓட்டுபவர் மறுபக்கம் திருப்ப, ஸ்டீயரிங் கேபிளிலோ இணைப்புகளிலோ தளர்வு இருந்தால் அந்தத் திருத்தமே தாமதமாகச் சென்று அடுத்த சாய்வை வளர்க்கிறது. ஆகையால் முதலில் வேகத்தைச் சற்றுத் தணித்து, கரை சேர்ந்தபின் அந்தத் தளர்வைப் போக்க வேண்டும்.

எஞ்சின் திடீரென்று அலறி வேகம் மட்டும் குறைந்தால், விசிறி காற்றை இழுக்கிறது என்று பொருள். விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு, சாதாரணப் படகில், அடித்தளத்தின் மட்டத்தை ஒட்டியே நிற்க வேண்டும். எஞ்சினை அதற்கு மிக மேலே பொருத்தினால் மேற்பரப்பின் காற்று உள்ளே புகும். இதினின்று வேறானது, அழுத்தம் குன்றிய இடத்தில் நீரே ஆவியாகிக் குமிழியாக வெடித்து அலகை அரிப்பது. 1894-இல் சார்லஸ் பார்சன்ஸ் கட்டிய ‘டர்பீனியா’ என்னும் கப்பல் எதிர்பார்த்த வேகத்தை எட்டாமல் நின்றது இதனாலேதான். மூன்று தண்டுகளில் ஒன்பது விசிறிகள் பொருத்திய பின்னரே, 1897-இல் அது பிரிட்டிஷ் கடற்படை அணிவகுப்பினிடையே 34 நாட் வேகத்தில் பாய்ந்தது.

மிதமிஞ்சிய வேகத்தில் காற்றே அணியத்தின் அடியில் புகுந்து படகைத் தூக்கிக் கவிழ்ப்பதும் உண்டு. 1967 ஜனவரி 4-இல் இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் வேகப்படகு ஓட்டிய டொனால்டு காம்பெல் உயிர் நீத்தது அவ்வாறே.

இக்குறைகளின் காரணத்தைக் கண்டறியும் பரிசோதனைக்கு ஒரு முறை உண்டு. ஒரே பாரத்துடன், ஒரே நீர்ப்பரப்பில், காற்றுக்கு எதிராகவும் காற்றோடும் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். ட்ரிம்மையும் விசிறியையும் ஒருங்கே மாற்றியவருக்குப் படகு குணமானாலும், குணமானதன் காரணம் விளங்காது.

கைப்பிடி எப்போதும் ஒரு பக்கமே இழுப்பதாகச் சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, பல எஞ்சின்களில் விசிறிக்கு மேலுள்ள அந்தத் தட்டையான தகட்டின் அடியில் தொங்கும் சிறு துடுப்புப் போன்ற உலோகத் துண்டு. வலப்புறம் இழுத்தால் அதன் பின்முனையை வலப்புறமே சிறிது திருப்ப வேண்டும், இடப்புறமாயின் இடப்புறம். அத்துண்டு அநேக எஞ்சின்களில், உப்புநீரின் அரிப்பைத் தான் ஏற்று எஞ்சினின் காலைக் காப்பதற்காகவும் வைக்கப்பட்டது. ஆதலால் அதன்மேல் வர்ணம் பூசலாகாது. கழிமுகத்து உப்புநீரில் அது தேய்ந்து சிறுத்து, பழைய இழுப்பு மறுபடி தலைகாட்டும்போது, ஸ்டீயரிங்கைப் பிரிக்காமல் புதிய துண்டு ஒன்றை மாட்டினால் போதுமானது.