கண்ட்ரோல் + புள்ளியை விழுங்கியது யார்?

விஎஸ் கோடில் ஒரு வரியில் பிழை இருந்தால், கண்ட்ரோலோடு முற்றுப்புள்ளியை அழுத்தினா திருத்தங்களின் பட்டியல் வரணும். லினக்ஸில் பலருக்கு அது வர்றதில்லை. கர்சர் இருக்கிற இடத்தில் அடிக்கோடு போட்ட ஏதோ ஒரு குறி வந்து உட்காரும். உடனே விஎஸ் கோடை நீக்கிட்டுத் திரும்ப நிறுவுவாங்க, எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பாங்க. ஒன்றும் நடக்காது, ஏன்னா குற்றவாளி அங்கே இல்லை. க்னோமில் உள்ளீட்டு முறைகளைக் கவனித்துக்கொள்வது ஐபஸ். நம்மில் பலர் தமிழில் தட்டச்சுவதும் அதன் வழியாகத்தான். அந்த ஐபஸ் இதே விசைச் சேர்க்கையை எமோஜிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. ஐபஸ் செட்டிங்ஸைத் திறந்து, எமோஜி டேபில் அந்தக் குறுக்குவிசையை எடுத்துவிட்டால் போதும், அவ்ளோதான்.

ஆனா இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வேற. நாம் அழுத்துகிற விசை நேரா செயலிக்குப் போவதில்லை. வழியில் பல பேர் நிற்கிறார்கள், முதலில் கை வைப்பவருக்கே அது சொந்தம்.

லேப்டாப்பில் இருக்கிற எஃப்என் விசை பெரும்பாலும் கீபோர்டின் ஃபர்ம்வேரோடயே முடிஞ்சிடும். லினக்ஸுக்கு அப்படி ஒன்று அழுத்தப்பட்டதே தெரியாது. அதை வைத்து குறுக்குவிசை அமைக்க முடியாமல் போவது அதனால்தான். ஆல்ட்டோடு சிஸ்ஆர்க்யூ சேர்ந்த விசைகளைக் கர்னலே எடுத்துக்கொள்ளும். அடுத்து டெஸ்க்டாப், அதாவது க்னோம். அதற்குப் பிறகு ஐபஸ். இவ்வளவு பேரும் விட்டுவைத்தது மட்டும்தான் செயலிக்கு. அந்தச் செயலி டெர்மினலாக இருந்தா உள்ளே இன்னொரு அடுக்கு உண்டு: கண்ட்ரோல் + சி அங்கே நகலெடுக்காது, ஓடுகிற நிரலை நிறுத்தும். டெர்மினலில் நகலெடுக்க ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டியிருப்பது அதனால்தான். பழக்கதோஷத்தில் கண்ட்ரோல் + எஸ் அழுத்தி, திரை உறைந்துபோய், டெர்மினலையே மூடியவர்கள் நிறைய பேர். கண்ட்ரோல் + க்யூ அழுத்தியிருந்தால் திரும்ப ஓடியிருக்கும்.

க்னோமில் சொந்தமா குறுக்குவிசை போடுவது சுலபம். செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய், குறுக்குவிசைகளின் பட்டியலில் கடைசியில் இருக்கிற சொந்தக் குறுக்குவிசைகளைத் திறந்து, பெயர், கட்டளை, விசை மூன்றையும் கொடுத்தா முடிந்தது. அந்த விசையை ஏற்கனவே வேறு வேலைக்குக் கொடுத்திருந்தால் க்னோம் எச்சரிக்கும். ஆனா அது பார்ப்பது தன் பட்டியலை மட்டும்தான். ஐபஸ் எதை வைத்திருக்கிறது, விஎஸ் கோடு எதை எதிர்பார்க்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் எச்சரிக்கை வரல என்பதை வைத்து மோதல் இல்லைனு முடிவு பண்ணிடாதீங்க.

என் பழக்கம் இது: டெஸ்க்டாப் வேலைகளுக்கெல்லாம் சூப்பர், அதாவது விண்டோஸ் சின்னம் போட்ட விசை. கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் செயலிகளுக்கு விட்டுவிடுவது. செயலிகள் சூப்பரைத் தொடுவது அபூர்வம் என்பதால் பாதிப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும். சூப்பரோடு 1 முதல் 9 வரை மட்டும் வேண்டாம். டாக்கில் இருக்கும் செயலிகளைத் திறக்க க்னோம் அவற்றை ஏற்கனவே வைத்திருக்கிறது.

எக்ஸ் சர்வர் காலத்தில் எந்தச் செயலியும் ஒரு விசையை எனக்குனு பிடித்துக்கொள்ளலாம். இரண்டாவதாகக் கேட்பவருக்குப் பிழைச்செய்திதான் கிடைக்கும். வேலேண்டில் அந்த உரிமை செயலிகளுக்குக் கிடையாது. பழைய எக்ஸ்பைண்ட்கீஸ் போன்ற கருவிகள் வேலேண்டில் கைவிடுவது இதனால்தான். பூட்டு போட்டது மாதிரித் தோன்றினாலும் எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது: எல்லா விசைகளையும் கேட்டுக்கொண்டிருக்க முடிந்த ஒரு செயலி, நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டையும் கேட்க முடியும்.

இன்னொரு இடத்திலும் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டெர்மினலில் ஒழுங்காக ஓடுகிற கட்டளையை அப்படியே குறுக்குவிசையில் போட்டால் ஒன்றுமே நடக்காது, பிழைச்செய்தி கூட வராது. இன்றைய தேதியை ஒரு கோப்பின் கடைசியில் சேர்க்கும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிடும் அந்த அம்புக்குறி, ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும் அலைக்கோடு, இரண்டு நிரல்களை இணைக்கும் செங்குத்துக் கோடு எல்லாமே ஷெல் புரிந்துகொள்ளும் சங்கதிகள். க்னோம் உங்கள் கட்டளையை ஷெல்லிடம் கொடுப்பதில்லை, நிரலை நேரடியாக இயக்குகிறது. பேஷ்ஆர்சி கோப்பில் நீங்கள் எழுதி வைத்திருக்கும் பாதைகளும் அதற்குத் தெரியாது. கட்டளையை ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி, இயக்கும் அனுமதி கொடுத்து, அதன் முழுப் பாதையைக் குறுக்குவிசையில் போடுங்கள், வேலை செய்யும்.

அப்பவும் ஓடலைன்னா, எக்ஸ் சர்வரில் எக்ஸ்ஈவி, வேலேண்டில் டபிள்யூஈவி என்ற சின்னக் கருவிகள் இருக்கின்றன. ஒரு சன்னலைத் திறந்து, அதற்கு வந்து சேரும் விசைகளையெல்லாம் எழுதிக் காட்டும். க்னோமில் நீங்கள் போட்ட குறுக்குவிசையை அங்கே அழுத்திப் பாருங்க. அது அங்கே எழுத்தாக வந்து விழுந்தால் க்னோம் அதைப் பிடிக்கவே இல்லை, திரும்பப் பதிவு செய்யணும். வராவிட்டால் மேலே யாரோ பிடித்துவிட்டார்கள். அது க்னோம்தான் என்றால் கோளாறு உங்கள் கட்டளையில்.