எண்ணுக்குள் ஒரு படம்



ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் வியக்கலாம். விளையாட்டுத்தான், ஆயினும் பல்லாண்டுகள் பிறருக்குப் பாடம் சொன்ன எனக்கு அது ஒரு பாடம் சொல்லிற்று.

கட்டங்களின் ஓரத்தில் எழுதியுள்ள எண்களைக் கொண்டு மறைந்திருக்கும் படத்தைக் கண்டுபிடிக்கும் புதிர் அது. 1987-ஆம் ஆண்டு டோக்கியோ நகரில் நடந்த போட்டியொன்றில், வானளாவும் கட்டடத்தின் விளக்குகளை ஏற்றியும் அணைத்தும் படம் அமைத்துக் காட்டி நோன் இஷிடா என்னும் அம்மையார் பரிசு பெற்றார். அக்கருத்தே புதிராக வளர்ந்தது. டெட்சுயா நிஷியோ என்னும் மற்றொரு ஜப்பானியரும் தனியே இதனைப் படைத்தார். 1990-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் டால்கெட்டி என்பவர், அம்மையாரின் பெயரைத் தழுவி இதற்கு நோனோகிராம் என்று பெயர் சூட்டினார்.

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு ஐந்தாக இருபத்தைந்து கட்டங்கள் வரையுங்கள். குறுக்கே செல்லும் வரிசையை நிரை என்போம். மேலிருந்து கீழே வருவதை நிரல் என்போம். நிரைகளுக்கு உரிய எண்கள் முறையே 1; 3; 5; 1, 1; 3. நிரல்களுக்கு உரியவை 1; 4; 3, 1; 4; 1. எண் 3 என்றால் மூன்று கட்டங்களை அடுத்தடுத்துக் கறுப்பாக்க வேண்டும். 3, 1 என்றால் முதலில் மூன்று, பின்னர் ஒன்று. இடையே ஒரு வெற்றுக் கட்டமேனும் இருத்தல் வேண்டும்.

எங்கே தொடங்குவது? ஐயத்திற்கு இடமில்லாத இடத்தில் தொடங்குவோம். மூன்றாம் நிரையின் எண் 5. ஆகவே அது முழுவதும் கறுப்பு. நடு நிரலின் எண்கள் 3, 1. இடைவெளியையும் சேர்த்தால் ஐந்தாகிறது. ஆகவே மேலே மூன்று கறுப்பு, அடுத்தது வெறுமை, கடைசி கறுப்பு. முதல் நிரலுக்கும் கடைசி நிரலுக்கும் ஒவ்வொரு கட்டமே உரியது. அது மூன்றாம் நிரையில் வந்துவிட்டது. எனவே அவற்றின் மற்றக் கட்டங்களில் புள்ளி வைத்து, வெறுமை என்று குறித்துவிடலாம். முதல் நிரையிலும் நடுக்கட்டம் போக மற்றவை வெறுமை. இப்போது இரண்டாம், நான்காம் நிரல்களுக்கு வேண்டிய நான்கு கட்டங்கள் தாமே அமைகின்றன. தாளைப் பாருங்கள்: கூரையும் சன்னலும் உள்ள ஒரு சிறு வீடு!

பெரிய கட்டங்களுக்கும் இதுவே வழி. பத்துக் கட்டமுள்ள நிரைக்கு 7 என்னும் எண் இருப்பதாகக் கொள்வோம். அத்தொடரை இடக்கோடி வரை தள்ளிப் பாருங்கள். பிறகு வலக்கோடி வரை தள்ளிப் பாருங்கள். நான்கு முதல் ஏழு வரையுள்ள கட்டங்கள் இரண்டிலும் கறுப்பாகவே இருக்கும். தொடர் எங்கே தொடங்குகிறது என்று அறியாமலே நான்கு கட்டங்களை உறுதியாக அறிந்துவிட்டோம். ஊகித்து நிரப்பியவனோ இறுதியில் எல்லாவற்றையும் அழிக்க நேரிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டங்கள் வரைந்து, எல்லா ஓரத்திலும் 1 என்று எழுதுங்கள். மூலைவிட்டமாக இரண்டு கட்டங்களைக் கறுப்பாக்கலாம். எதிர் மூலைவிட்டமாகவும் ஆக்கலாம். இரண்டும் எண்களுக்குப் பொருந்துகின்றன. எது உண்மை என்று கேட்டால், 'இவ்வெண்களைக் கொண்டு சொல்ல இயலாது' என்பதே நேர்மையான விடை.

பேரன் இதனை எனக்குக் காட்டியபோது பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி ஒன்று உடைந்து கிடந்தது. அன்று மாலை அங்கே இருந்தவர் இரு மாணவர். ஒருவன் அடக்கமானவன், மற்றவன் குறும்பன். இருவரும் 'நான் அல்லேன்' என்றனர். குறும்பனே செய்திருப்பான் என்று முடிவு செய்து அவனைத் தண்டித்தேன். ஆண்டிறுதியில் அடக்கமானவன் அழுதுகொண்டே வந்து உண்மையைச் சொன்னான். அதற்குள் மற்றவன் பள்ளியை விட்டே போய்விட்டான். அவனிடம் வருத்தம் தெரிவிக்கும் வாய்ப்பு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

என் முன் இருந்தது அந்த நான்கு கட்டப் புதிர்தான். நான் அதில் ஊகத்தைக் கறுப்பு மையால் நிரப்பிவிட்டேன். தாளில் இட்ட மையை அழிக்கலாம். ஒரு சிறுவனின் மனத்தில் இட்டதை அழிக்க இயலுமா?

மாணவர்களே, அறிந்ததை அறிந்ததென்று குறியுங்கள். இல்லையென்று தெளிந்ததற்குப் புள்ளி வையுங்கள். அறியாத கட்டத்தை, அறியும் வரை வெறுமையாக விட்டுவையுங்கள்.