அச்சுப்பொறிக்கு முன்னே ஒரு வரிசை



பட்டணத்துக் கடை ஒன்றில் நாங்கள் கண்ட காட்சி இது. தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி வேலைக்கு மனுப் போடுவதற்காக இரண்டு பக்கக் கடிதத்தைக் கணினியில் அடித்து முடித்தாள். அச்சிடும் பொத்தானை அழுத்தினாள். அச்சுப்பொறி அசையவில்லை. மீண்டும் அழுத்தினாள். இப்படி ஐந்து தடவை. கடைக்காரர் வந்து, உள்ளே சிக்கியிருந்த தாளை உருவி எடுத்தார். அவ்வளவுதான், ஐந்து பிரதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. பத்துத் தாளுக்கும் காசு கேட்டார்கள். "ஒன்றுதானே கேட்டேன்" என்றாள் அந்தப் பிள்ளை. அவள் சொன்னதில் பொய் இல்லை. கணினியும் சொன்னதைத்தான் செய்தது.

அந்தக் கடைக் கணினியில் ஓடியது லினக்ஸ். இது யூனிக்ஸ் என்னும் முறையைப் பின்பற்றி வந்தது. யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. கணினி பலருக்கு, அச்சுப்பொறியோ ஒன்று. இருவர் ஒரே நேரத்தில் நேராக அதற்கு எழுத்தை அனுப்பினால் என்ன ஆகும்? இவர் கடிதத்தில் ஒரு வரியும் அவர் கணக்கில் ஒரு வரியும் கலந்து, ஒரே தாளில் வந்து நிற்கும்.

ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வாளியோடு வந்தாலும் தராசு ஒன்றுதான். ஆகவே வரிசை. கிராணியார் ஒவ்வொருவராக நிறுத்துப் பெயரெழுதிக்கொள்வார். கணினியிலும் இதே ஏற்பாடுதான். நாம் அனுப்பும் கடிதம் அச்சுப்பொறிக்கு நேராகப் போவதில்லை. முதலில் வட்டில் ஓர் இடத்தில் சேர்த்து வைக்கப்படுகிறது. அதற்கு ஸ்பூல் என்று பெயர். இராக்காவல் ஜாகாவைப் போல ஓயாமல் விழித்திருக்கும் ஒரு நிரல் அதற்கு எண் கொடுத்து, அனுப்பியவர் பெயரைக் குறித்து, முறை வரும்போது வெளியே விடுகிறது. பால் வரிசையில் நாம் நின்றாக வேண்டும். இங்கே நமக்குப் பதிலாகக் கடிதம் நிற்கிறது. நாம் நம் வேலையைப் பார்க்கலாம்.

இன்று லினக்ஸில் பெரும்பாலும் இந்தக் காவலைச் செய்வது கப்ஸ் என்னும் நிரல். மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997இல் எழுதத் தொடங்கி 1999இல் வெளியிட்டார். ஆப்பிள் நிறுவனம் 2002இல் தன் கணினிகளில் இதைச் சேர்த்து, 2007இல் விலைக்கே வாங்கிக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் பலர் பயன்படுத்தும் குரோம்புக்கிலும் இது உண்டு.

வரிசைக்கு இரண்டு கதவுகள் உண்டு என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒன்று வேலையை வாங்கும் கதவு. மற்றொன்று அச்சுக்கு விடும் கதவு. தாள் சிக்கினாலோ மை தீர்ந்தாலோ இரண்டாவது கதவு மூடிக்கொள்ளலாம். பொறுப்பாளரே மூடவும் செய்வார். அப்போதும் முதல் கதவு திறந்தே இருக்கும். நாம் அழுத்த அழுத்த வேலைகள் உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதுதான். கடை மூடும் நேரத்தில் பொறுப்பாளர் மாறாகச் செய்வார். முதல் கதவை மூடிவிட்டு, உள்ளே இருப்பவை அச்சாகி முடியட்டும் என்று விடுவார்.

அச்சுப்பொறியின் சுவிட்சை அணைத்தால் எல்லாம் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. போகாது. கடிதம் இருப்பது கணினியின் வட்டில். சுவிட்சைப் போட்டதும் வரிசை தொடரும்.

அப்படியானால் என்ன செய்வது? இரண்டாம் முறை அழுத்துமுன் வரிசையைப் பார்க்க வேண்டும். திரையில் அச்சுப்பொறிப் படத்தைத் திறந்தால் காத்திருக்கும் வேலைகள் எண்ணோடு தெரியும். கட்டளை அடிக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்பிஸ்டாட் என்று அடித்தாலும் போதும். வேண்டாத எண்ணைக் கேன்சல் என்னும் கட்டளையால் நீக்கலாம். கட்டளைகளில் வரும் எல்பி என்பது லைன் பிரிண்டரின் சுருக்கம். வரி வரியாக அடிக்கும் அந்தப் பழைய பொறிகள் மறைந்தும் பெயர் மட்டும் நிற்கிறது!

சாதாரணமாக ஒருவர் வேலையை இன்னொருவர் நீக்க முடியாது. உரியவரோ பொறுப்பாளரோதான் நீக்கலாம். ஆனால் கடைகளில் வருகிறவர் எல்லாரும் ஒரே பெயரில் கணினிக்குள் நுழைவதால் இந்தக் காவல் பலிப்பதில்லை. அவசரத்தில் பக்கத்து மேசைக்காரர் கடிதத்தை நீக்கிவிடாதீர்கள். எண்ணைப் பார்த்து நீக்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அச்சான பிறகும் கடிதம் உடனே அழிவதில்லை. கப்ஸ் வழக்கமாக ஒரு நாள் வரை அதன் நகலை வைத்திருக்கும். கேட்டால் மறுபடி அச்சிட்டும் தரும். தாள் கிழிந்துபோனால் இது உதவிதான். ஆனால் நம் மனுக்களில் அடையாளக் கார்டு எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றனவே. நகல் வைக்க வேண்டாம் என்று பொறுப்பாளர் அமைத்துவைக்க முடியும். வழக்கமாகப் போகும் கடையில் அப்படி அமைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம், அவர்களுக்கு அது இரண்டு நிமிட வேலை.