லத்தீனுக்கு ஓட்டெடுப்பு நடந்த அறை

உலகத் தாவரவியல் மாநாட்டின் உண்மையான பரபரப்பைப் பார்க்க வேண்டுமா? மாநாடு தொடங்கும் முன்பே போய்விடுங்கள்!

2011 ஜூலை, மெல்போர்ன் பல்கலைக்கழகம். திறப்பு விழாவுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. அதற்குள் பெயரிடல் பிரிவு கூடிவிட்டது. செடிக்கும் பாசிக்கும் காளானுக்கும் பெயர் வைக்கும் சட்டப் புத்தகத்தை வரிவரியாக அலசித் திருத்துகிறவர்கள் இவர்கள்தான். தலைமையில் கத்தரிக் குடும்பத்துச் செடிகளைக் கரைத்துக் குடித்த சாண்ட்ரா நாப்.

ஓட்டு முறையைக் கேளுங்கள், ஒரு தேர்தலே தோற்றது! வந்தவர்களுக்கு ஆளுக்கொரு ஓட்டு. உலர்தாவரக் காப்பகங்களுக்குத் தகுதிக்கேற்ப 1 முதல் 7 வரை. வர முடியாத காப்பகத்தின் ஓட்டை இன்னொருவர் சுமந்து வரலாம். ஆனால் சொந்த ஓட்டையும் சேர்த்து ஒருவர் கையில் 15-க்கு மேல் கூடாது. கை தூக்கியதில் முடிவு தெரியவில்லை என்றால் ஓட்டுச்சீட்டு வாங்கி எண்ணுவார்கள். விதியை மாற்ற 60 சதவீதம் வேண்டும்.

அந்த ஆண்டு பலிபீடத்தில் லத்தீன். 1935 முதல் புதிய செடியைக் கண்டறிந்தவர் அதன் விளக்கத்தை லத்தீனில் எழுதியாக வேண்டியிருந்தது. இல்லையேல் பெயர் செல்லாது. அந்த 1935-க்குப் பின்னாலும் ஒரு சண்டை உண்டு. 1908 முதலே லத்தீன் கட்டாயம் என்று 1905-இல் வியன்னாவில் முடிவானது. அமெரிக்கர்கள் பலர் மசியவில்லை. தங்களுக்கென்று தனி விதித்தொகுப்பே வைத்துக்கொண்டார்கள். 1930-இல் கேம்பிரிட்ஜில் சமரசம்: கெடு தள்ளிப்போய்க் கடைசியில் 1935 ஆனது, இடையில் லத்தீன் இல்லாமல் வந்த பெயர்களும் பிழைத்தன. பிறகு 1996-இல் புதைபடிவத் தாவரங்களுக்கு ஆங்கிலமும் போதும் என்றானது.

மெல்போர்னில் கடைசிக் கதவும் திறந்தது. 2012 ஜனவரி 1 முதல் லத்தீன் அல்லது ஆங்கிலம். பெயர் மட்டும் லத்தீன் வடிவிலேயே நிற்கும்.

லத்தீன் தெரிந்த நண்பரைத் தேடி அலைந்த எத்தனையோ ஆய்வாளர்களுக்கு விடுதலை. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் லத்தீன் பக்கத்து வாதம் ஒன்று வலுவானது: அது யாருக்கும் தாய்மொழி இல்லை, ஆகவே எல்லாருக்கும் ஒரே சிரமம். இப்போது லண்டன்காரருக்குச் சிரமமே இல்லை. பிரேசில்காரருக்கும் சீனருக்கும் மட்டும் மிச்சம். ஸ்பானியம், போர்த்துகீசியம், சீனம் மூன்றும் அனுமதிக்கப்பட்ட மொழிகளின் பட்டியலில் ஏற வேண்டும் என்பதே என் கட்சி.

மாநாட்டுக்குப் பதிவு செய்த எவரும் அந்த அறையில் உட்காரலாம், ஓட்டும் போடலாம். அடுத்தது 2029, கேப் டவுன்!