வயதை முந்திய வாசகன்

ஒன்பது வயதுப் பிள்ளையொன்று பதினான்கு வயது மாணவரின் பாடநூலைத் தடையின்றி வாசிக்கக் கண்டால் பெற்றார் பூரிப்படைவது இயல்பு. அப்பூரிப்போடு ஒரு கவலையும் உடன்பிறக்கின்றது. தன் வகுப்பிற்குரிய நூல்களை அப்பிள்ளை ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடுகின்றது. இனி அதன் கையில் எதனைக் கொடுப்பது?

இவ்விடத்திற் பெரியோர் இருவகைத் தவறுகளுள் ஒன்றில் வீழ்தல் கூடும். வயதைக் காட்டிப் பெரிய நூல்களை மறுப்பது ஒன்று. பசித்த பிள்ளைக்குச் சோறு மறுத்தாற் போன்றது அது. வாசிப்பிலேயே வெறுப்பு விளையும். முதியோர்க்கென எழுந்த நூல்களை வரிசையாகத் திணித்து, வந்த விருந்தினர் முன்னிலையில் வாசிக்கச் செய்து மகிழ்வது மற்றையது. இதனாற் பிள்ளை நூலை விட்டுப் புகழை நாடப் பழகிவிடும்.

வாசிப்புத்திறன் இரு கூறுகளையுடையது. சொல்லையும் வாக்கியத்தையும் அறிந்துகொள்ளும் ஆற்றல் ஒன்று. சொல்லப்படும் வாழ்க்கையை உணர்ந்துகொள்ளும் முதிர்ச்சி மற்றொன்று. முன்னையது பயிற்சியால் விரைந்து வளரும். பின்னையதோ ஆண்டுகள் செல்லச் செல்லவே கனியும். ஜோனதன் சுவிப்ற் 1726ஆம் ஆண்டில் வெளியிட்ட கலிவரின் யாத்திரையை எடுத்துக்கொள்வோம். விரலளவு மனிதர் வாழும் நாட்டுக் கதையாகச் சிறுவர் அதனைச் சுவைக்கின்றனர். ஆயின், மனித இனத்தின் செருக்கையும் அரசியற் சூழ்ச்சியையும் கடிந்துரைக்க எழுந்த நூல் அது. அதன் பிற்பகுதியிலுள்ள கசப்பைத் தாங்க ஒன்பது வயது உள்ளம் போதாது. எளிய சொற்களால் ஆகிய நூலெல்லாம் சிறுவர் நூலாகாது என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே, முந்தி வாசிக்கும் பிள்ளையை மேலே ஏற்றுவதினும் அகலச் செலுத்துவதே தக்கது. கதை நூல்களோடு பயண நூல், வானியல், பறவைகளும் மரங்களும் பற்றிய நூல், தேசப்படம், அகராதி ஆகியனவும் அதன் கைக்கெட்ட இருத்தல் வேண்டும். இவை வாசிப்புத்திறனுக்கு வேலை கொடுக்கும். உள்ளத்தின் மேற் பாரம் ஏற்றமாட்டா. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் சிங்களத்தில் எழுதிய ‘மடோல் தூவ’, குறும்புச் சிறுவர் இருவர் ஊரைவிட்டுச் சென்று ஒரு தீவில் வாழ்ந்த கதையைக் கூறுவது. துணிவும் உழைப்பும் அதனுள் விளையாட்டோடு கலந்து வருகின்றன.

வாழ்க்கை வரலாறுகளுள் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ இத்தகைய பிள்ளைக்குச் சிறப்பாகப் பொருந்தும். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத்தொடங்கிய அந்நூலின் நடை தெளிவானது. பல நூல்களைக் கற்றுத் தேர்ந்து, கும்பகோணத்தில் ஆசிரியராயிருந்த ஐயரை, 1880ஆம் ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார் சந்தித்துச் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். ஐயர் அதுவரை அதனைக் கண்டதில்லை. அவ்வொரு வினாவே பின்னர் 1887இற் சிந்தாமணி அச்சேறுவதற்கு வித்தாயிற்று. தான் எல்லாம் வாசித்துவிட்டதாக எண்ணும் பிள்ளைக்கு இதனினும் நல்ல மருந்து வேறுண்டோ?

இனி, தெரிவு செய்யும் முறை. வாசிகசாலைக்குப் பிள்ளையையே அழைத்துச் செல்க. நூலின் நடுவிலுள்ள பக்கமொன்றை வாசிக்கச் செய்து, அதனைத் தன் சொற்களிற் கூறுமாறு கேட்க. பக்கத்தைப் பிழையின்றி வாசித்தும் பொருளைக் கூற இயலாதாயின், அந்நூல் சில ஆண்டுகள் காத்திருக்கலாம். மரணம், போர், பிரிவு முதலியன வரும் நூலைப் பெரியவர் முதலில் வாசித்துப் பார்த்தல் நன்று. அவற்றை முற்றாக மறைத்தல் வேண்டியதில்லை. பிள்ளை கேள்வியோடு வரும்போது விடைகூற ஒருவர் அருகில் இருத்தலே வேண்டுவது. பாதியிற் கைவிட்ட நூலுக்காகக் கண்டித்தலுமாகாது. இன்று மூடிய நூலை அப்பிள்ளையே பின்னொரு நாளில் விரும்பி எடுத்தல் கூடும்.

அது ஒத்த வயதினரோடு சேர்ந்து வேடிக்கைக் கதையொன்றை வாசித்துச் சிரித்தால், அதனையும் இகழாதிருத்தல் வேண்டும். எவ்வளவு கற்றாலும் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்பது வயதுப் பிள்ளையே. வாசிப்பு அதன் இளமையை வளப்படுத்தல் வேண்டும், அவ்விளமையைப் பறித்துவிடலாகாது.