பெயர் தெரியாத சடலங்களும் மரபணு வம்சாவளி ஆய்வும்

மரபணு வம்சாவளி ஆய்வு என்பது, அடையாளம் தெரியாத ஒருவரின் டி.என்.ஏ.வைக் கொண்டு அவருடைய தூரத்து உறவினர்களைக் கண்டறிந்து, அவர்களது குடும்ப மரத்தின் வழியாக அவர் யார் என்று அறியும் முறையாகும். பல ஆண்டுகள் பெயர் தெரியாமலிருந்த கொலையுண்டவர்களை அடையாளம் காண, 2018 முதல் அமெரிக்காவில் இம்முறை பரவலாகப் பயன்பட்டு வருகிறது. இம்முறை செயல்படும் விதத்தையும், நம் நாட்டில் அது எங்கே தடைபடுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ராயபுரம் கடற்கரையில் கிடைத்த தலை

டி.என்.ஏ. ஆய்வு இல்லாத காலத்தில் ஒரு சடலத்துக்குப் பெயர் எப்படிக் கிடைத்தது? வடசென்னையிலேயே இதற்குப் புகழ்பெற்ற சான்று உண்டு. 1952 ஆகஸ்ட் இறுதியில், சென்னையிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற போட் மெயில் ரயிலில், மானாமதுரை அருகே ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத ஆண் உடல் கிடைத்தது. சில நாட்களுக்குள் ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கண்டெடுக்கப்பட்டது. இரண்டும் ஒருவருடையவையே என்று சென்னை மருத்துவக் கல்லூரியின் ஆய்வில் தெரியவந்தது. பல்வரிசையின் அமைப்பும் காதில் இருந்த துளைகளும், இறந்தவர் பேனா வியாபாரி ஆளவந்தார் என்று உறுதிசெய்ய உதவின. 1953இல் நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர், குற்றம் சாட்டப்பட்ட கணவருக்கு ஏழாண்டும் மனைவிக்கு மூன்றாண்டும் சிறைத்தண்டனை விதித்தார்.

இவ்வழக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆளவந்தாரைக் காணவில்லை என்று தேடுவோர் அதே ஊரில் இருந்தனர். அவருடைய காதும் பல்லும் எப்படியிருக்கும் என்று சொல்ல மனைவி இருந்தார். சடலத்தை ஒப்பிட ஓர் ஆள் இருந்ததால்தான் பெயர் கிடைத்தது.

ஒப்பிட ஆளில்லாதபோது

எல்லா இறப்பிலும் அப்படி அமைவதில்லை. சென்ட்ரலுக்குள் நுழையும் தொலைதூர ரயில்கள் பேசின் பிரிட்ஜ் சந்திப்பைக் கடந்தே வருகின்றன. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வருகின்றனர். அவர்களில் ஒருவர் இங்கே கொலையுண்டால், காவல்துறைப் பதிவில் “அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 35” என்று இருக்கும். காணவில்லை என்ற புகார், இருந்தால், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வேறு மொழியில் எழுதப்பட்டிருக்கும். இரண்டு தாள்களும் ஒருநாளும் சந்திப்பதில்லை. உரிமை கோரி யாரும் வராத உடல் அடக்கம் செய்யப்படும். இறந்தவர் யார் என்று தெரியாதவரை அவருக்கு யார் பகை என்றும் தெரியாது. கொலையாளிக்கு அதுவே பாதுகாப்பாகிறது.

வழக்கமான டி.என்.ஏ. ஒப்பீடு

டி.என்.ஏ. தடயவியலை இந்தியாவில் வளர்த்தவர், ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த லால்ஜி சிங் ஆவார். 1995இல் டெல்லியில் நைனா சாஹ்னி கொல்லப்பட்டு, உடல் தந்தூரி அடுப்பில் எரிக்கப்பட்டது. கருகிய உடலின் டி.என்.ஏ., பெற்றோரின் இரத்த மாதிரிகளுடன் அந்த மையத்தில் ஒப்பிடப்பட்டு, இறந்தவர் அவர்களுடைய மகளே என்று நிறுவப்பட்டது.

இவ்வகை ஆய்வில் தற்போது எஸ்.டி.ஆர். எனப்படும் குறியிடங்கள் சுமார் இருபது மட்டும் பார்க்கப்படுகின்றன. தாய், தந்தை, பிள்ளை போன்ற நெருங்கிய உறவை உறுதிசெய்ய அது போதும். ஆனால் “இவர்களுடைய மகளா?” என்ற கேள்விக்குத்தான் அது விடை தரும். “இவர் யார்?” என்ற கேள்விக்கு விடை தராது.

புதிய முறையின் கணக்கு

மரபணு வம்சாவளி ஆய்வில் எஸ்.என்.பி. எனப்படும் பல லட்சம் இடங்கள் படிக்கப்படுகின்றன. அதனால் தூரத்து உறவும் புலப்படும். தமிழில் நாம் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட என்று உறவின் தூரத்தைச் சொல்கிறோம். மரபணுவும் ஏறக்குறைய அப்படியே எண்ணுகிறது. சராசரியாகப் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் 50 சதவீதம் பொதுவாக இருக்கும். ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்கு இடையே 12.5 சதவீதமும், ஒரே கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டியின் வழிவந்த இரண்டுவிட்ட உறவினருக்கு இடையே சுமார் 3 சதவீதமும் பொதுவாக இருக்கும். சித்தப்பா மகனா, அத்தை மகனா என்ற வேறுபாடு இக்கணக்கில் இல்லை.

தம் முன்னோரை அறிய விரும்பும் பொதுமக்கள், தங்கள் டி.என்.ஏ. முடிவுகளை ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் பதிவேற்றுகின்றனர். சடலத்தின் முடிவையும் அதில் ஏற்றினால், எந்தெந்தப் பதிவாளருடன் எவ்வளவு பொதுவாக உள்ளது என்று தெரியும். பிறகு பிறப்பு, திருமணப் பதிவேடுகளைக் கொண்டு அவர்களது பொது முன்னோர் வரை மேலே சென்று, அங்கிருந்து கிளைகிளையாகக் கீழே இறங்கி, காணாமற்போன ஒருவரைத் தேடுவர். இறுதியில் நெருங்கிய உறவினரின் மாதிரியோடு ஒப்பிட்டு உறுதிசெய்வர்.

1981இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஓர் இளம்பெண்ணின் உடல் சாலையோரம் கிடைத்தது. கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டிருந்தார். அணிந்திருந்த மான்தோல் மேலாடையால் “பக்ஸ்கின் பெண்” என்றே 37 ஆண்டுகள் அழைக்கப்பட்டார். 2018இல் டி.என்.ஏ. டோ புராஜெக்ட் என்ற தன்னார்வ அமைப்பு, ஒன்றுவிட்ட உறவில் ஒரு தலைமுறை தள்ளிய ஒருவரை ஜெட்மேட்சில் கண்டது. சில மணி நேரத்தில் மார்சியா கிங் என்ற பெயர் கிடைத்தது. 1981இல் எடுத்த இரத்த மாதிரியை யாரோ எறியாமல் வைத்திருந்ததுதான் இதற்கு அடிப்படை.

தமிழ்நாட்டில் எழும் சிக்கல்கள்

முதலாவது, பதிவுகளின் பற்றாக்குறை. இத்தகைய தளங்களில் உள்ளோர் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். திருவொற்றியூர்க் குடும்பம் ஒன்றின் இரண்டுவிட்ட உறவினர் அதில் இருப்பது அரிது.

இரண்டாவது, நம் பெயர் முறை. மேலை நாடுகளில் குடும்பப்பெயர் தலைமுறைகள்தோறும் தொடர்கிறது. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை இட்டுக்கொள்வதால், அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற முடியாது. பழைய பிறப்புப் பதிவுகளும் எல்லாக் குடும்பங்களுக்கும் கிடைப்பதில்லை.

மூன்றாவது, உறவுக்குள் திருமணம். ஒருவர் அக்காள் மகளை மணந்து ஒரு பிள்ளை பிறந்ததாகக் கொள்வோம். அந்த அக்காள், பிள்ளைக்குத் தாய்வழியில் பாட்டி, தந்தைவழியில் அத்தை. பாட்டியாக 25 சதவீதம், அத்தையாக 25 சதவீதம், ஆக மொத்தம் 50 சதவீதம் பொதுவாகிறது. இது பெற்ற தாய்க்குரிய அளவு! குடும்பத்தில் இத்தகைய மணங்கள் பல தலைமுறை தொடர்ந்திருந்தால், தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோல் தோன்றும். அமெரிக்கச் சராசரிகளை அப்படியே இங்கு பொருத்தினால் தவறான குடும்பத்தின் வாசலில் போய் நிற்க நேரும்.

சட்டமும் அந்தரங்கமும்

இந்தியாவுக்கு உடனடித் தேவை பெரிய வம்சாவளித் தளம் அன்று. அடையாளம் தெரியாத சடலங்களின் டி.என்.ஏ. ஒரு பட்டியலாகவும், காணாமற்போனோரின் பெற்றோர், பிள்ளைகள் விரும்பிக் கொடுக்கும் டி.என்.ஏ. மற்றொரு பட்டியலாகவும் இருந்து, இரண்டும் நாடு முழுவதும் ஒப்பிடப்பட்டாலே பல பெயர்கள் கிடைக்கும். 2019இல் மக்களவையில் அறிமுகமான டி.என்.ஏ. தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா இவ்விரு பட்டியல்களுக்கும் இடம் தந்திருந்தது. சந்தேக நபர்கள், குற்றவாளிகள் ஆகியோரின் பட்டியல்களும் அதிலேயே இருந்ததால், தகவல் தவறாகப் பயன்படுமோ என்ற எதிர்ப்பு எழுந்தது. 2023 ஜூலையில் மசோதா திரும்பப் பெறப்பட்டது.

அந்த அச்சம் நியாயமற்றதன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஒருவர் கொடுக்கும் மாதிரி, கேட்கப்படாத அவருடைய உறவினர்களைப் பற்றியும் பேசுகிறது. மறைக்கப்பட்ட பிறப்பு உண்மைகளும் வெளிவரலாம். 2019இல் ஜெட்மேட்ச் தளமும் விதியை மாற்றி, வெளிப்படையாக இசைவு தந்தவர்களின் பதிவுகளை மட்டுமே காவல்துறைத் தேடலுக்குத் திறந்தது. காணாமற்போனோரைத் தேடக் கொடுத்த மாதிரியை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்ற உறுதி இருந்தால், குடும்பங்கள் தயங்காமல் முன்வரும்.

காக்க வேண்டியவை

மேற்கண்ட வழக்குகள் அனைத்தும் ஒரே உண்மையைக் காட்டுகின்றன. பெயர் கிடைக்க இரண்டு மாதிரிகள் வேண்டும்: ஒன்று இறந்தவருடையது, மற்றொன்று உறவினருடையது. முதலாவதைக் காப்பது அரசின் கடமை. அடக்கத்துக்கு முன் ஒரு பல்லோ எலும்புத் துண்டோ எடுத்து, வழக்கு எண்ணுடன் பத்திரப்படுத்தினால், இன்று முடியாத ஒப்பீடு முப்பது ஆண்டு கழித்தும் முடியும். இரண்டாவது குடும்பத்தின் கையில் உள்ளது. வெளியூர் சென்ற ஒருவரிடமிருந்து செய்தி நின்றுபோனால், “வந்துவிடுவான்” என்று காத்திராமல் சொந்த ஊர்க் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் அளித்து, ரசீது பெற வேண்டும். அவர் பயன்படுத்திய பல்துலக்கியையும் சவரக்கத்தியையும் பிறர் தொடாமல் காகித உறையில் இட்டு, ஈரமற்ற இடத்தில் வைக்க வேண்டும். அவர் உயிருடன் திரும்பிவந்தால் அந்த உறையை எறிந்துவிடலாம். வராவிட்டால், எங்கோ ஒரு பதிவேட்டில் “அடையாளம் தெரியாத ஆண்” என்று இருக்கும் வரியை அது மாற்றக்கூடும்.