சுக்கினிக்குத் தோல் சீவணுமா?

பிஞ்சா இருந்தா வேண்டாம், முத்தியிருந்தா சீவியே ஆகணும். இதோட பதிவை முடிச்சுக்கலாம்தான். ஆனால் இந்தப் பிஞ்சு, முற்றல் என்ற வித்தியாசத்துக்குப் பின்னால் இருக்கிற தாவரவியல் சுவாரசியமானது. தோலைச் சீவினாலும் தீராத ஒரு சிக்கலும் இந்தக் காயில் இருக்கு. அதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது.

நீளமான பச்சை சுக்கினி, மஞ்சள் ஸ்குவாஷ், ஓரம் நெளிநெளியாகத் தட்டு மாதிரி இருக்கும் பேட்டிபேன் மூன்றுமே குக்கர்பிட்டா பெப்போ என்ற ஒரே இனம். ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் ஆரஞ்சுப் பூசணியும் இதே இனம்தான். மெக்சிகோவின் வஹாகா பகுதியில் ஒரு குகையில் கிடைத்த இதன் விதைகள் சுமார் 10,000 ஆண்டுப் பழமையானவை. ஆங்கிலத்தில் இவற்றைக் கோடை ஸ்குவாஷ், குளிர்கால ஸ்குவாஷ் என்று பிரிக்கிறார்கள். பெயரைப் பார்த்தால் விளையும் பருவம் என்று தோன்றும். அப்படி இல்லை, இரண்டுமே வெயில் காலத்தில் காய்ப்பவைதான். முற்றவிட்டுப் பறித்து, குளிர்காலம் வரை சேமித்து வைக்கக்கூடியது குளிர்கால வகை. பிஞ்சிலேயே பறித்து உடனே சமைப்பது கோடை வகை. நம்மூரில் பரங்கிக் கொட்டை என்று பிஞ்சுப் பரங்கியை வாங்கிப் பால் கூட்டு செய்கிறோமே, கிட்டத்தட்ட அதே கதை.

சுக்கினியைப் பூ மலர்ந்து ஒரு வாரத்துக்குள்ளேயே பறித்துவிடுவார்கள். அப்போது அதன் தோல் மெல்லியது, உள்ளே விதையும் வெள்ளையா, மெத்துனு இருக்கும். கொடியிலேயே விட்டால் தோலுக்கு அடியில் உள்ள செல்களின் சுவரில் லிக்னின் படிய ஆரம்பிக்கும். மரத்தை மரமாக்குகிற அதே பொருள்தான். முற்றிக் காய்ந்த சுரைக்காய் குடுவையாவதும் இதனால்தான். அந்தக் குடுவையை எந்தக் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் வேகாது, இல்லையா? முற்றின சுக்கினித் தோல் அந்தத் திசையில் கொஞ்ச தூரம் போன தோல், அவ்வளவுதான்.

அதனால் சோதனையும் சுலபம். நகத்தால் லேசா அழுத்திப் பாருங்க. சட்டென்று இறங்கினால் கழுவி, காம்பை நறுக்கி, அப்படியே சமைக்கலாம். நகம் வழுக்கினால் தோலைச் சீவணும். தோல் அந்த அளவுக்கு முற்றியிருந்தால் உள்ளே விதையும் ஓடு கட்டியிருக்கும், அந்த நடுப்பகுதியையும் வழித்து எறியணும். நீளம் ஒரு சாண் அளவுக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை.

பிஞ்சில் தோலைச் சீவுவதால் நஷ்டம்தான். சதையில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். பச்சையமும், லூட்டீன் போன்ற நிறமிகளும் பெரும்பாலும் தோலை ஒட்டித்தான் இருக்கு. தோல் இல்லாத துண்டு வதக்கும்போது குழைந்து கூழாகிவிடும். லெபனான், சிரியா பக்கம் குட்டிக் காயை நடுவில் குடைந்து, அரிசியும் கறியும் அடைத்து வேகவைப்பார்கள். தோல் இல்லாமல் அந்தப் பண்டமே நிற்காது. வெள்ளை வெளேரென்று சூப் வேண்டும் என்றால் மட்டும் சீவிக்கலாம், அது உங்க இஷ்டம்.

இனி அந்தச் சிக்கல். கசப்பு. வெள்ளரிக்காயில் கசப்பு காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலும் அதிகம், அதனால் அங்கே தோல் சீவுவதில் அர்த்தம் இருக்கு. அதே பழக்கத்தில் கசக்கிற சுக்கினியையும் சீவிச் சமைத்தால் ஆபத்து. இதில் கசப்பு சதை முழுக்கப் பரவியிருக்கும். காரணம் குக்கர்பிட்டசின் என்ற வேதிப்பொருள். சமைக்கிற சூட்டில் அது அழியாது, புளியும் காரமும் போட்டால் மறைந்துவிடும், அதுதான் மோசம். உள்ளே போனால் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில சமயம் குடலில் ரத்தக்கசிவு. மாற்று மருந்து கிடையாது. 2015-ல் ஜெர்மனியின் ஹைடன்ஹைமில் 79 வயது முதியவர் ஒருவர், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினியைச் சாப்பிட்டு இறந்தார். நம் நாட்டில் சுரைக்காய்ச் சாறு குடித்து நடந்த மரணங்களுக்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு சொன்னதும் இதைத்தான்: கசந்தால் குடிக்காதீர்கள்.

கடையில் வாங்கும் காயில் இது அபூர்வம். கசப்பை நீக்கித் தேர்ந்தெடுத்த ரகங்கள் அவை. மாடித்தோட்டக்காரர்கள்தான் கவனிக்கணும். சுக்கினிப் பூவுக்கு அருகில் இருக்கும் அலங்காரக் குடுக்கைச் செடியின் மகரந்தம் வந்து சேர்ந்தால், அந்த வருஷக் காய்க்கு ஒன்றும் ஆகாது, ஏன்னா சதை தாய்ச்செடியுடையது. மாற்றம் விதைக்குள் இருக்கும். அந்த விதையை எடுத்து வைத்து அடுத்த முறை போட்டால் வரும் காய் பார்க்க அழகா, கடைக்காய் மாதிரியேகூட இருக்கலாம், வாயில் வைத்தால்தான் தெரியும். அதனால் சுக்கினி விதையை மட்டும் ஒவ்வொரு முறையும் புதுப் பாக்கெட்டாக வாங்கிடுங்க. தானாக முளைத்த கொடியில் காய்ப்பதைச் சமைக்க வேண்டாம். எந்தக் காயானாலும் நறுக்கும்போது பச்சையா ஒரு சின்னத் துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிடுங்க. கசந்தால் முழுக் காயும் குப்பைக்குத்தான்.